பினாங்குக்குப் பெயர் தந்த பாக்கு
அதனுள் அடங்கியுள்ள இரசாயனப் பொருள்களும் அவற்றின் செயலும்

பினாங்கு மாநிலக் கொடியை உற்று நோக்குவோர் அதன் நடுவே ஒரு மரத்தைக் காண்பர். நீலம், வெண்மை, மஞ்சள் என்னும் மூன்று பட்டைகளுள் இடையிலுள்ள வெண்பட்டையில், பசும்புல் மேட்டின்மீது நெட்டையாய் நிமிர்ந்து நிற்கிறது அம்மரம். அது தென்னையன்று, கமுகு. மலாய் மொழியில் கமுகுக்கும் அதன் காய்க்கும் பினாங் என்பது பெயர். ஆகவே ‘புலாவ் பினாங்’ என்றால் பாக்குத் தீவு என்று பொருள். 1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கும்பினியாரின் உடைமையாக்கி, ‘வேல்ஸ் இளவரசர் தீவு’ என்று புதுப்பெயர் சூட்டினார். அரசாங்கத் தாள்களில் நெடுங்காலம் அப்பெயர் வழங்கிற்று. மக்கள் வாயில் நிலைத்ததோ பாக்கின் பெயரே.

தாவர நூலார் இம்மரத்தை ‘அரெக்கா கட்டெச்சு’ என்பர். இந்த இலத்தீன் பெயரைத் தோண்டிப் பார்த்தால் தென்னாட்டுச் சொல் தலைநீட்டுகிறது. மலையாளத்தார் பாக்கை ‘அடைக்கா’ என்றனர். தமிழிலும் ‘அடைக்காய்’ என்னும் சொல் உண்டு. போர்த்துக்கீசியர் அதைத் தம் நாவுக்கேற்ப ‘அரெக்கா’ என்று திரித்துக்கொண்டனர். வெற்றிலையை ‘பெட்டல்’ ஆக்கியவர்களும் அவர்களே. ‘கட்டெச்சு’ என்னும் பின்பகுதி, வெற்றிலையோடு சேர்த்துத் தின்னும் காசுக்கட்டியைக் குறிப்பது.

தமிழர் வீட்டு மங்கல நிகழ்ச்சிகளுள் வெற்றிலை பாக்கு இல்லாதது ஏது? பெண் கொடுக்க இசைந்ததற்கு அடையாளம் நிச்சய தாம்பூலம். அழைப்பிதழோடு நீட்டுவது தாம்பூலம். விருந்தினர் விடைபெறும்போது பையில் போட்டுக் கொடுப்பதும் அதுவே. மலாய்க்காரரிடத்தும் இவ்வழக்கம் ஆழ வேரூன்றியுள்ளது. பெண் கேட்பதற்கு அவர்கள் மொழியில் ‘மெமினாங்’ என்று பெயர். பினாங் என்னும் சொல்லிலிருந்து பிறந்த வினை அது. பொருத்தமான தம்பதியரைக் கண்டால், ‘இரண்டாய்ப் பிளந்த பாக்குப்போல’ என்று புகழ்வர். இவ்விரு மக்களும் ஒருவருக்கொருவர் விளக்கம் கேளாமலே புரிந்துகொள்ளக்கூடிய சடங்கு ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

வாணிகத்திலும் பாக்குக்கு இடமிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எதிர்க்கரையிலுள்ள அச்சே நாட்டிலிருந்து மிளகும் பாக்கும் ஜார்ஜ் டவுன் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாய் வந்திறங்கின. அங்கிருந்து சோழமண்டலக் கரைக்கும் சீனத்துக்கும் சென்றன. சூலியா வணிகர் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தனர். நகரின் தெருப் பெயர்களுள் அச்சே தெருவும் சூலியா தெருவும் இன்றும் இருப்பது தற்செயலன்று.

ஆனால் பல கோடி மக்கள் ஒரு கொட்டையைத் தேடித் தின்பதற்குச் சடங்கு மட்டும் காரணமாகுமா? சுவையைக் காரணம் சொல்லவும் வழியில்லை. பாக்கு வெறுந்துவர்ப்பு. பசியாற்றும் சத்தும் அதில் அதிகமில்லை. காரணம் அதனுள்ளே ஒளிந்திருக்கும் சில இரசாயனப் பொருள்களில் இருக்கிறது.

கொட்டைக்குள் என்ன இருக்கிறது?

பாக்கை வெட்டினால் பழுப்பும் வெண்மையுமாகப் பளிங்குக் கல்போல வரிகள் ஓடக் காணலாம். மாவுப் பொருளும் நாரும் கொழுப்பும் அதில் பெரும்பங்கு. அடுத்து வருவது துவர்ப்புக்குக் காரணமான டானின் என்னும் பொருள்களும் அவற்றின் உறவினமான கட்டெச்சின்களும். எஞ்சியிருப்பது மிகச் சிறு அளவு. உலர்ந்த கொட்டையின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, பல வேளைகளில் அதற்கும் குறைவு. அந்தச் சிறு பங்கில்தான் பாக்கின் வலிமை முழுதும் அடங்கியிருக்கிறது.

அந்தப் பொருள்களை அல்கலாய்டு என்பர். தேயிலையிலும் காப்பியிலும் உள்ள காஃபீன், புகையிலையிலுள்ள நிக்கோட்டின், சிங்கோனாப் பட்டையிலுள்ள கொயினா ஆகியவை இவ்வகுப்பைச் சேர்ந்தவை. நைட்ரஜன் அணுவைத் தாங்கியிருப்பதும், பெரும்பாலும் காரத்தன்மை உடையதாயிருப்பதும், சிறிய அளவிலேயே உயிர்களின் உடலைப் பாதிப்பதும் இவற்றின் இயல்பு. ஓடித் தப்ப முடியாத மரஞ்செடிகள், தம்மைத் தின்ன வரும் பூச்சி புழுக்களை விரட்டுவதற்கு இத்தகைய பொருள்களைத் தயாரித்து வைத்துக்கொள்கின்றன என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

1888ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் யான்ஸ் என்னும் ஜெர்மானியர் பாக்கிலிருந்து இப்பொருள்களைத் தனித்தனியே பிரித்தெடுத்தார். அவற்றுள் முதன்மையானது அரக்கோலின். நிறமற்ற எண்ணெய் போன்ற திரவம். அதனுடன் அரக்கெய்டின், குவாசின், குவாக்கோலின் என்னும் மூன்று உடன்பிறப்புகளும் உள. பாக்கை வடமொழியில் குவாகம் என்பர். குவாசின் என்னும் பெயர் அச்சொல்லின் வழி வந்தது.

பாக்கு குடற்புழுவைக் கொல்லும் என்பதைச் சீன வைத்தியரும் இந்திய வைத்தியரும் முன்பே அறிந்திருந்தனர். அரக்கோலின் கையில் கிடைத்ததும் ஐரோப்பியர் அதைக் கால்நடை மருந்தாக்கினர். நாயின் குடலிலுள்ள நாடாப்புழுவை வெளியேற்றுவதற்கு இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் இதுவே பயன்பட்டது. நியூஸிலாந்தில் ஆட்டு மந்தைகளையும் மனிதரையும் வருத்திய ஒருவகை நாடாப்புழு நோயை ஒழிக்க அரசாங்கமே முனைந்தபோது, ஊர் ஊராக நாய்களைத் திரட்டி அரக்கோலின் புகட்டினர். இதைவிடச் சிறந்த மருந்துகள் வந்தபின் அது ஒதுக்கப்பட்டது. நாய்க்குப் புகட்டிய அதே பொருள்தான் தாம்பூலத் தட்டிலும் இருந்தது என்பதை எண்ணும்போது சிறிது வியப்பாகத்தான் இருக்கிறது.

சுண்ணாம்பு செய்யும் வேலை

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவாமல் பாக்குப் போடுவதை எந்தப் பாட்டியும் ஒப்புக்கொள்ளமாட்டார். கரண்டகத்தைத் திறந்து விரல் நுனியால் தொட்டு, வெற்றிலையின் முதுகில் இழுப்பதற்கென்றே ஓர் அளவு உண்டு. கூடினால் வாய் வெந்துவிடும், குறைந்தால் ‘சிவக்காது’. தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் வந்த இந்த அளவுக்குள் இரசாயனம் இருக்கிறது.

சுண்ணாம்பு கடுமையான காரப்பொருள். அது உமிழ்நீரோடு கலந்ததும் வாயினுள் காரத்தன்மை மிகுகிறது. அந்நிலையில் பாக்கிலுள்ள அரக்கோலின், அமிலத்தோடு பிணைந்திருக்கும் உப்பு நிலையை விட்டு விடுபடுகிறது. விடுபட்ட அரக்கோலின் கன்னத்தின் உட்தோலை எளிதில் ஊடுருவி இரத்தத்தில் கலக்கிறது. சுண்ணாம்பு சேர்த்த பாக்கு சட்டென்று ‘ஏறுவதற்கு’ இதுவே காரணம்.

சுண்ணாம்பின் வேலை அதோடு நிற்பதில்லை. அரக்கோலின் மூலக்கூறின் ஓரத்தில் மெத்தில் என்னும் சிறு தொகுதி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்பு அதைக் கழற்றிவிடுகிறது. அரக்கோலின் அரக்கெய்டினாக மாறுகிறது. குவாக்கோலினும் அவ்வாறே குவாசினாகிறது. ஆகவே மெல்லத் தொடங்கும்போது வாயிலிருக்கும் பொருள்களும், மென்று முடிக்கும்போது இருக்கும் பொருள்களும் ஒன்றல்ல. மெல்லுகிறவருடைய வாயே ஒரு சோதனைக் குடுவையாகிவிடுகிறது.

சிவப்பின் கதை வேறு. வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு. இம்மூன்றும் கூடினால் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று குழந்தைகள் கேட்பதுண்டு. பாக்கிலுள்ள கட்டெச்சின்களும் டானின்களும் காரநிலையில் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிச் செந்நிறப் பொருள்களாகின்றன. காசுக்கட்டி சேர்த்தால் நிறம் மேலும் ஏறும். மலாய்க்காரர் சேர்க்கும் கம்பீர் வேறொரு கொடியின் இலைச் சாறு. தமிழ் மருந்துக் கடைகளில் அதற்குக் கத்தைக்காம்பு என்று பெயர். இரண்டிலும் கட்டெச்சின் நிறைய இருப்பதால் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. நாக்குச் சிவந்தால் கணவனுக்கு ஆசை மிகுதி என்று பெண்கள் கேலி பேசுவதற்கும் இந்த இரசாயன மாறுதலுக்கும் தொடர்பில்லை என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பிராணவாயுவோடு கூடும் இந்நிகழ்ச்சியில் செந்நிறத்தோடு வேறு சில பொருள்களும் தோன்றுகின்றன. உயிரணுக்களைத் தாக்கவல்ல ஹைட்ரஜன் பெராக்ஸைடு அவற்றுள் ஒன்று. சுண்ணாம்பு மிகுந்து காரம் ஏற ஏற, இப்பொருள்களும் மிகுகின்றன.

பாக்கு சொக்குவது ஏன்?

பழக்கமில்லாதவர் பாக்கு மென்றால் முகம் வியர்க்கும், நெஞ்சு அடைப்பதுபோலத் தோன்றும், தலை சுற்றும். ‘பாக்கு சொக்கிவிட்டது’ என்று சொல்லித் தண்ணீர் கொடுப்பார்கள். முதலில் ஊறும் நீரைத் துப்பிவிட வேண்டும் என்று பழையவர் விதித்ததும் இந்த அனுபவத்தால் இருக்கலாம்.

நரம்புகள் ஒன்றோடொன்றும் உறுப்புகளோடும் பேசிக்கொள்வதற்குச் சில இரசாயனத் தூதுப் பொருள்களைப் பயன்படுத்துகின்றன. அவற்றுள் அசிட்டைல்கோலின் ஒன்று. அது சென்று பொருந்துவதற்கென்று உயிரணுக்களின் மேல் தனி ஏற்பிகள் உள்ளன. தூதுப்பொருளைச் சாவி என்றும் ஏற்பியைப் பூட்டு என்றும் கொள்ளலாம். அரக்கோலின் உருவத்தில் அசிட்டைல்கோலினை ஒத்திருப்பதால், கள்ளச் சாவியைப்போல அப்பூட்டுகளைத் திறந்துவிடுகிறது. உமிழ்நீர் சுரக்கிறது, வியர்க்கிறது, குடல் அசைவு மிகுகிறது. உண்டபின் தாம்பூலம் தரித்தால் செரிக்கும் என்ற நம்பிக்கையில் இவ்வளவு உண்மை இருக்கிறது. மூளையிலும் அதே பூட்டுகள் உள. அவை திறக்கும்போது களைப்பு நீங்கிச் சுறுசுறுப்புத் தோன்றுகிறது. தோட்டத்தில் விடியுமுன் பால் மரம் வெட்டப் புறப்பட்ட பெண்கள் மடியில் வெற்றிலைப் பையைச் செருகிக்கொண்டதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அரக்கெய்டினும் குவாசினும் வேறொரு வழியில் செல்கின்றன. மூளையின் பரபரப்பை அடக்கும் காபா என்னும் தூதுப்பொருள் ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் அதை நரம்புகள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அவ்வாறு உறிஞ்சப்படுவதை இவ்விரண்டு பொருள்களும் தடுப்பது சோதனைச் சாலைகளில் காணப்பட்டது.

விட முடியாமல் பிடித்துக்கொள்வது எதனால் என்ற கேள்விக்கு ஒரு விடை பின்னரே கிடைத்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், புகையிலையின் நிக்கோட்டின் எந்த ஏற்பிகளைப் பற்றுகிறதோ அவற்றுள் சிலவற்றை அரக்கோலினும் பற்றுகிறது என்று காட்டினர். ‘எனக்குப் பீடி சுருட்டுப் பழக்கம் இல்லை, பாக்குதான்’ என்று சொல்கிறவருக்கும், புகைபிடிப்பவருக்கும் மூளையில் நிகழ்வது அவ்வளவு தொலைவானதன்று.

வில்லோப் பட்டையும் பாக்கும்

மரத்தின் பொருள் ஒன்று மருந்தாவதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் வில்லோ மரம். ஆற்றங்கரைகளில் வளரும் ஆற்றுப்பாலை அந்த இனத்தைச் சேர்ந்ததே. வில்லோப் பட்டை காய்ச்சலைத் தணிப்பதை எட்வர்டு ஸ்டோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1763இல் எழுதி வெளியிட்டார். 1828இல் மூனிக் நகரத்துப் புக்னர் அப்பட்டையிலிருந்து சாலிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தார். அதன் வழி வந்த சாலிசிலிக் அமிலம் நோயைத் தணித்தது. ஆனால் வயிற்றைப் புண்ணாக்கிற்று. 1897இல் பேயர் கம்பெனியின் ஹாஃப்மன் அதன் உருவத்தைச் சிறிது மாற்றினார். அதுவே ஆஸ்பிரின்.

பாக்கின் கதையும் இதே பாதையில் சென்றிருக்கிறது. ஆனால் சென்றுசேர நூறாண்டுக்கு மேலாயிற்று. மறதி நோயாளிகளின் மூளையில் அசிட்டைல்கோலின் குறைகிறது என்று கண்ட வைத்தியர்கள், 1980களில் அரக்கோலினை ஊசிமூலம் செலுத்திப் பார்த்தனர். நினைவு சிறிது தேறிற்று. ஆனால் உடலிலுள்ள நொதிகள் அப்பொருளை விரைவில் சிதைத்துவிட்டன, பயன் நீடிக்கவில்லை. டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் கம்பெனியின் இரசாயனிகள் அரக்கோலினின் உடையும் பகுதியை வெட்டி எறிந்து, அவ்விடத்தில் கந்தகமும் நைட்ரஜனும் அடங்கிய உறுதியான வளையம் ஒன்றைப் பொருத்தினர். 1990களின் தொடக்கத்தில் பிறந்த அப்பொருளுக்கு ஸனோமலின் என்று பெயர். அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனியும் இம்முயற்சியில் சேர்ந்துகொண்டது. மறதி நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 1997இல் வெளிவந்தது. மனமயக்கங்களும் வீண் சந்தேகங்களும் குறைந்தன. ஆனால் வாந்தி, வியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு ஆகியவற்றைத் தாளமாட்டாமல் பலர் மருந்தைக் கைவிட்டனர். வேறு வகையாகச் சொன்னால், அவர்களுக்குப் பாக்கு சொக்கிவிட்டது!

மருந்து அலமாரியில் உறங்கிற்று. பின்னர் ஒருவருக்கு நல்ல யோசனை தோன்றிற்று. டிரோஸ்பியம் என்னும் பழைய மருந்து இதே பூட்டுகளை அடைக்கவல்லது. ஆனால் அது மூளைக்குள் நுழைவதில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், மூளைக்கு வெளியே ஏற்படும் தொல்லைகளை டிரோஸ்பியம் தடுத்துவிடும். மூளைக்குள் ஸனோமலின் தன் வேலையைச் செய்யும். அந்தக் கூட்டு மருந்தை 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் அமெரிக்க மருந்து நிர்வாகம் மனச்சிதைவு நோய்க்கென ஏற்றது. அந்நோய்க்கு அதற்குமுன் பல பத்தாண்டுகளாக வந்த மருந்துகள் எல்லாம் டோபமின் என்னும் வேறொரு தூதுப்பொருளின் ஏற்பிகளையே குறிவைத்தவை. புதுவழி திறந்தது பாக்கினால்.

மருந்துக்கும் மெல்லும் பாக்குக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். ஆஸ்பிரின் நல்லது என்று வில்லோப் பட்டையை ஒருவரும் நாள் முழுதும் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருப்பதில்லை. பாக்கை அவ்வாறு அடக்கிக்கொள்கின்றனர். ஒரு நாளைக்குப் பத்து முறை, நாற்பது ஐம்பது ஆண்டு, சிலர் உறங்கும்போதுகூட. ஸனோமலின் வயிற்றின் வழியே அளவோடு செல்கிறது. பாக்கின் சாறோ கன்னத்தின் உட்தோலில் ஒரே இடத்தில் ஓயாமல் ஊறுகிறது.

வாய் திறவாத நோய்

1952இல் ஷ்வார்ட்ஸ் என்னும் பல் வைத்தியர், கீழையாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் ஒரு விசித்திர நோயைக் கண்டு எழுதினார். வாயின் உட்தோல் வெளுத்து விறைத்துப் போயிருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே பம்பாயிலிருந்தும் இதே செய்தி வந்தது. காரக்குழம்பு பட்டால் எரிச்சல் என்பது இந்நோயின் முதல் குறி. பிறகு கன்னத்தில் கயிறு கட்டியதுபோல நார்ப்பட்டைகள் தோன்றும். முற்றினால் ஒரு விரல் நுழையும் அளவுக்கே வாய் திறக்கும். தமிழில் இதை வாய்த்தோல் நார்த்தடிப்பு எனலாம்.

பாக்கின் பொருள்கள் கூட்டாகச் சேர்ந்து இக்கேட்டைச் செய்கின்றன. உட்தோலுக்கு அடியில் கொல்லாஜன் என்னும் நார்ப்பொருள் தொடர்ந்து உண்டாவதும் சிதைவதுமாய் இருக்கும். அல்கலாய்டுகள் அதை உண்டாக்கும் உயிரணுக்களைத் தூண்டிவிடுகின்றன. டானின்கள் அந்நார்களோடு பிணைந்து சிதையவொட்டாமல் தடுக்கின்றன. ஆட்டுத் தோலைப் பதனிடுவதற்கு ஆவாரம் பட்டையிலுள்ள டானின் செய்யும் வேலையும் இதுதான்! பாக்கில் செம்புச் சத்தும் மிகுதி. நார்களைக் குறுக்கே பின்னிவிடும் நொதிக்குச் செம்பு தேவை. இவ்வாறு இறுகிய தோல், பாக்கை நிறுத்தினாலும் முழுதும் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

இந்த நோய் புற்றுநோய்க்கு முன்னோடி. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோய் கண்ட 66 பேரைப் 17 ஆண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து வந்தனர். அவர்களுள் 5 பேருக்கு வாயில் புற்று தோன்றிற்று. எண்ணிக்கை சிறிதாகத் தோன்றலாம். பன்னிரண்டு பதின்மூன்று பேரில் ஒருவர் என்று கணக்கிட்டால் அதன் கனம் விளங்கும்.

புகையிலை இல்லாவிட்டால்?

‘நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தானே?’ என்று பலர் ஆறுதல் கொள்கின்றனர். விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் ஏறத்தாழ இப்படியே எண்ணினர். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985இல் இவ்வழக்கை விசாரித்தபோது, புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்று உண்டாக்கும் என்று தீர்ப்பளித்தது. புகையிலை சேர்க்காததைக் குறித்து முடிவுகட்டப் போதிய சான்று இல்லை என்று விட்டுவிட்டது. இந்தியாவிலும் மலாயாவிலும் இரண்டையும் சேர்த்தே தின்போர் மிகுதியாதலால், குற்றம் யாருடையது என்று பிரித்தறிவது கடினமாயிருந்தது.

சான்று தைவானிலிருந்து வந்தது. அங்கே பச்சைப் பாக்கைச் சுண்ணாம்போடு மெல்லுகின்றனர்; புகையிலை சேர்க்கும் வழக்கமில்லை. அப்படியிருந்தும் வாய்ப்புற்று அங்கே மெல்லுவோரிடம் மிகுந்திருந்தது. இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2003இல் அந்நிலையம் மறுபடி விசாரித்தது. புகையிலை சேர்க்காத தாம்பூலமும் புற்று உண்டாக்கும். பாக்கே தனித்து நின்றும் புற்று உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது. சந்தேகத்துக்கு இடமில்லாதவை என்று வைக்கப்படும் முதல் வகுப்பில், சிகரெட்டுப் புகையின் பக்கத்தில், பாக்கும் சேர்ந்தது. அரக்கோலின் மட்டுமே குற்றவாளி என்று இன்னும் உறுதிப்படவில்லை. 2020இல் அதை ‘உண்டாக்கக்கூடும்’ என்னும் வகுப்பில் வைத்தனர். உமிழ்நீரிலுள்ள நைட்ரைட்டோடு பாக்கு அல்கலாய்டுகள் கூடுவதால் பிறக்கும் நைட்ரோசமின்களுக்கும் இதில் பங்குண்டு. அவற்றுள் ஒன்று எலிகளுக்குப் புற்று உண்டாக்கியது. புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து மேலும் பெருகுகிறது என்பதையும் மறக்கலாகாது.

வெற்றிலையைப் பற்றி ஒரு வார்த்தை. இலையின் மணத்துக்குக் காரணமான எண்ணெய்ப் பொருள்கள் வேறு. அவற்றுள் சில கிருமிகளை அடக்குகின்றன. இலையைத் தனித்துக் குற்றவாளியாக்கும் சான்று இல்லை. பாக்கோடு சேர்ந்ததால் அதற்கும் பழி வந்தது. இனிப்பும் வாசனையும் சேர்த்துச் சிறு பொட்டலங்களில் விற்கும் பாக்குத்தூளோ, வெற்றிலையே இல்லாத பாக்கு. குழந்தைகள் மிட்டாய்போல அதை வாங்கித் தின்பதைப் பெரியவர்கள் பாராமுகமாய் விடுவது வருந்தத்தக்கது.

பதப்படுத்தும் முறையால் அல்கலாய்டின் அளவு மாறும். நீரில் வேகவைத்தால் அரக்கோலின் பெரும்பகுதி குறைந்துபோகிறது. வெயிலில் உலர்த்துவதாலும் வறுப்பதாலும் அவ்வளவு குறைவதில்லை. இதனால் களிப்பாக்கு தீங்கற்றது என்று கொண்டுவிடக் கூடாது. டானினும் செம்பும் அதிலும் உள. குறைந்த பாக்கை ஈடுகட்ட மனிதர் அதிகமாய்த் தின்பதும் உண்டு.

மலேசியத் தமிழர் நிலை

மலேசியாவில் 1993-94ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் 11,000க்கும் மேற்பட்ட பெரியவர்களின் வாயைப் பல் வைத்தியர்கள் சோதித்தனர். புற்றுக்கு முன்னோடியான வெண்திட்டு முதலிய குறிகள் இந்தியரிடையே மற்ற எல்லா இனத்தாரையும்விட அதிகமாகக் காணப்பட்டன. அடுத்த நிலையில் சபா, சரவாக் பூர்வகுடி மக்கள் இருந்தனர். அவர்களும் பாக்கு மெல்லுவோரே. தேசியப் புற்றுநோய்ப் பதிவேடும் வாய்ப்புற்று இந்தியரிடம், அதிலும் பெண்களிடம், மிகுந்திருப்பதைக் காட்டிற்று. வேறு நாடுகளில் வாய்ப்புற்றுப் பெரும்பாலும் ஆண்களின் நோய். இங்கே அது தோட்டத்துப் பாட்டிகளின் நோயாயிற்று. பாக்கு மெல்லும் பழக்கம் இளைஞரிடம் குறைந்து வருகிறது. ஆனால் புற்று, பழக்கம் தொடங்கிப் பல பத்தாண்டுக்குப் பின்னரே தலைகாட்டும்.

சுகாதார அமைச்சின் பல் வைத்தியப் பிரிவு 1990களின் பிற்பகுதியிலிருந்து தோட்டங்கள் முதலிய இடங்களுக்குச் சென்று வாயைச் சோதிக்கும் திட்டத்தை நடத்தி வந்திருக்கிறது. சோதனை எளிது, வலியும் இல்லை. வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியதும் உண்டு. தன் கையின் நடு மூன்று விரல்களையும் சேர்த்து நெட்டாக வைத்து, பற்களுக்கிடையே நுழைக்க முடிகிறதா என்று பார்க்கலாம். நுழையாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளைத் திட்டு, செந்திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரணமில்லாத எரிச்சல் ஆகியவையும் அவ்வாறே. பாக்கை அடக்கிக்கொள்ளும் பக்கத்துக் கன்னத்தை முதலில் பார்ப்பது நல்லது. சிவந்த எச்சிலின் கறை திட்டுகளை மறைத்துவிடுமாதலால், வாயை நன்றாகக் கொப்பளித்தபின் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் கண்ட புற்றை வெட்டி அகற்றிக் குணப்படுத்துவது இயலும். கழுத்துக் கணுக்களுக்குப் பரவியபின் அது கடினம். வலியில்லாத திட்டை ஒரு பொருட்டாக எண்ணாமல், வலி வந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போவோரே அதிகம். தொடக்கத்தில் இந்தத் திட்டுகள் பெரும்பாலும் வலிப்பதில்லை.